விடுதிக் கூரையில் ஒரு குளம்: சாந்திநிகேதனின் கலைச்செல்வம்



ஒரு பல்கலைக்கழகத்தின் கலைச்செல்வத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? யார் யாருடைய ஓவியங்கள் இருக்கின்றன, ஏலத்தில் என்ன விலை போகும் என்று கேட்பவர்களே அதிகம். எனக்கு முதன்மையான கேள்வி வேறு. அவை எங்கே பிறந்தன? விலைக்கு வாங்கியவையா, யாரோ கொடுத்தவையா, அந்த வளாகத்திலேயே மாணவர்கள் சூழ்ந்து நிற்க ஆசிரியர் கையில் உருவானவையா? கடைசியாகச் சொன்ன வகையில் சாந்திநிகேதனுக்கு ஈடான இடம் இந்தியாவில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துச் செம்மண் பூமியில் 1921இல் அங்கே தாகூர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனத்தைக் கட்டி வளர்த்தவர் நந்தலால் போஸ். இளமையில் அஜந்தாவுக்கும் பின்னர் 1921இல் பாக் குகைகளுக்கும் போய், அந்தச் சுவரோவியங்களைப் படியெடுத்தவர். கையால் எழுதப்பட்ட நம் அரசியல் சாசனத்தின் ஏடுகளை அணிசெய்தவர்கள் அவரும் அவர் மாணவர்களும்தான். பழைய சுவரோவியங்களைப் படியெடுத்த அனுபவம் அவரை வளாகத்துச் சுவர்கள் பக்கம் திருப்பியது. வெறுஞ்சுவர் ஒன்று அகப்பட்டால் அது மாணவர்களுக்குப் பாடமாயிற்று. மண்ணும் தாரும் கொண்டு எழுந்த ‘கருப்பு வீடு’ என்னும் மாணவர் விடுதியின் புறச்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். தேர்வும் பட்டமும் முடிந்தபின் கலை வந்து சேரவில்லை. படிப்பே அதுதான்.

அவருடைய மாணவர்களில் இருவரிடம் சற்று அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

முதலாமவர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை; மற்றதில் கடும் கிட்டப்பார்வை. 1940இல் அவர் தேர்ந்துகொண்ட இடம் கலாபவன விடுதியின் உட்கூரை. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி மரங்கள், மாடுகள், வேலையில் இருக்கும் பீர்பூம் மக்கள். இந்தப் படத்துக்கு மேல் கீழ் என்று ஒரு திசை இல்லை. எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தாலும் ஊர் கண்ணுக்கு நேரே விரியும். காலையில் கண் விழித்ததும் மாணவன் பார்ப்பது, சன்னலுக்கு வெளியே உள்ள அதே ஊரைத்தான்!

அவருடைய பெரும்படைப்பு அதே வளாகத்தின் இந்தி பவனத்தில் இருக்கிறது. 1946-47இல் அதன் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் இடைக்காலத்து பக்தி அடியார்களை வரைந்தார். ஈரமான சுண்ணச் சாந்தில் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டும் முறை அது. சாந்து காயக் காயச் சுண்ணாம்பு காற்றோடு வினைபுரிந்து இறுகி, வண்ணத்தைத் தன்னுள்ளே பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் பூசிய சாந்தில் அன்றைக்கே வரைந்து முடித்தாக வேண்டும். அழித்துத் திருத்த வழியில்லை. அவரோ முழு அளவு மாதிரிப்படம் எதையும் சுவரில் பதிக்காமல் நேராகவே தீட்டினார். ஒரு முழத் தொலைவுக்கு அப்பால் தெளிவாகக் காணாத மனிதர், மூன்று சுவர்களையும் மனத்துக்குள் ஏந்திக்கொண்டு வரைந்திருக்கிறார். நம் திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர் அங்கே இருக்கிறார். கபீரும் துளசிதாசரும் குரு கோவிந்த் சிங்கும் இருக்கிறார்கள். தொழில் செய்யும் எளிய மக்களின் திரளுக்குள்தான் அடியார்கள் நிற்கிறார்கள், தனிப்பீடம் கிடையாது. கண்ணில்லாதவர் என்று மரபு சொல்லும் சூர்தாசரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஓர் அறுவை சிகிச்சையை அடுத்து, பினோத் பிஹாரியின் எஞ்சிய பார்வையும் போயிற்று. அதற்குப் பின்னும் அவர் ஓயவில்லை. தாளைத் தடவி மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தார். 1972இல் கலாபவனச் சுவர் ஒன்றில் பீங்கான் ஓடுகளால் பெரிய சுவரோவியம் ஒன்றை உருவாக்கினார். அதே ஆண்டு, அவரிடம் முன்பு பயின்ற சத்யஜித் ராய் ‘அகக்கண்’ என்று பொருள்படும் தலைப்பில் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். இந்தியாவில் கலை கற்கும் ஒவ்வொரு மாணவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாமவர் ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து 1925இல் சாந்திநிகேதன் வந்தவர். 1938இல் அவர் திறந்தவெளியில் எழுப்பிய ‘சந்தால் குடும்பம்’ ஆளுயரத்தை விஞ்சியது. பிழைப்புத் தேடி இடம்பெயரும் சந்தால் பழங்குடித் தம்பதி; கணவன் தோளில் காவடி; அதன் ஒரு கூடையில் குழந்தை; கூடவே நாய். வெண்கலத்துக்குப் பணம் ஏது? காலடியில் கிடந்த செம்மண் சரளையைச் சிமெண்டில் கலந்து, கம்பிக்கூட்டின் மேல் அள்ளி வீசி, இறுகியபின் செதுக்கினார். வறுமை பிடித்துத் தள்ளிய வழிதான் என்றாலும், அந்தச் சொரசொரப்பை வேறு எந்தப் பொருளும் தந்திருக்காது. அரசர்க்கும் ஆளுநர்க்கும் சிலை வைத்துப் பழகிய நாட்டில், கூலிக்கு நடக்கும் ஒரு குடும்பத்தை அந்த அளவில் நிறுத்தினார். 1956இல் ‘ஆலைச் சங்கு’ வந்தது. சங்கொலி கேட்டு ஆலைக்கு ஓடும் இரு பெண்கள், பின்னால் பறக்கும் ஈரச் சேலை. சிமெண்டில் இப்படிக் காற்று வீசும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

நந்தன் அருங்காட்சியகத்தையும், தாகூர் வரைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ள ரவீந்திர பவனத்தையும் பெயர் சொல்லி மட்டும் கடக்கிறேன். அவை தனிச் சொற்பொழிவுக்கு உரியவை.

வெயிலிலும் மழையிலும் நிற்கும் கலையை எப்படிக் காப்பது? ராம்கிங்கரின் சிற்பங்களுக்கு மேல் இப்போது கூரை போட்டிருக்கிறார்கள். அவர் விரும்பியது திறந்த வானம் அல்லவா என்று வருந்துபவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் கூரையின் பக்கம். விரிசல் வழியே நீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடித்தால், பிறகு வானம் இருந்து என்ன பயன்? 2023இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபின் இந்தப் பொறுப்பு கூடியிருக்கிறது.

கே.ஜி. சுப்ரமணியன் சொன்ன விடை வேறு. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறைசென்று, 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்தவர். இந்தி பவனச் சுவரில் பினோத் பிஹாரிக்குத் துணைநின்ற மாணவர்களில் ஒருவர். பின்னாளில் அங்கேயே ஆசிரியராகத் திரும்பினார். கலாபவனக் கட்டடம் ஒன்றின் புறச்சுவர்களில் 1990வாக்கில் கருப்பு வெள்ளையில் அவர் தீட்டிய படங்கள் காலப்போக்கில் மங்கின. 2009இல், ஏறக்குறைய 85 வயதில், சாரத்தில் நின்று அதே சுவர்களில் மீண்டும் தீட்டினார். பழையதைப் படியெடுக்கவில்லை, புதிதாகவே வரைந்தார்.