பத்துப் பருவத்தில் ஒரு பிள்ளை

ஆண் குழந்தை வளரும் அழகைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் சிற்றிலக்கியம் ஆண்பாற் பிள்ளைத்தமிழ். குழந்தையைத் தெய்வம் காக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு காப்புப் பருவம் தொடங்குகிறது. ஐந்தாம் மாதத்தில் வருவது செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து குழந்தை ஆடும் கோலம் அது. தாலாட்டுக்கு உரியது தால். ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டி மகிழ்வது சப்பாணி. பின்னர் முத்தம் கேட்கும் பருவமும், தளர்நடைப் பிள்ளையை ‘வா வா’ என அழைக்கும் வாரானையும், நிலவை விளையாடக் கூப்பிடும் அம்புலியும் வருகின்றன.

இந்த ஏழும் பெண்பாலுக்கும் பொது. கடைசி மூன்று சிறுவனுக்கே உரியவை. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைப்பது சிற்றில். சிறிய பறையைக் கொட்டி முழக்குவது சிறுபறை. விளையாட்டுத் தேரை உருட்டி மகிழ்வது சிறுதேர்.

12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பாட்டுடைத் தலைவன் அரசனானாலும் முருகனானாலும், புலவர்கள் பாடியது வீட்டு முற்றத்தில் தாய் அன்றாடம் கண்டு மகிழும் காட்சிகளையே. சோற்றுத் தட்டில் கரண்டியால் தாளம் போடும் இன்றைய பிள்ளையும் சிறுபறைப் பருவத்தில்தான் இருக்கிறான்.