பழைய ஜீப்பும் உரிய உறுப்பும்



இரண்டாவது உலக மகாயுத்தத்திலே ஓடிய ஜீப் வண்டிகளை முன்னிருந்தவாறே செப்பனிட்டுப் பேணுவோர் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்கள் முன்னுள்ள முதல் வினா, இயந்திரத்தின் உறுப்புக்கள் அவ்வண்டிக்கு உரியனவா என்பதே.

1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ், போர்ட் என்னும் இரு கம்பனியாரும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புக்களைச் செய்தளித்தனர். 4 சிலிண்டரும் 60 குதிரைவலுவுங் கொண்ட ஒரே அமைப்பான இயந்திரமே இரண்டிலும் இருந்தது. ஒன்றன் உறுப்பு மற்றதிற் பொருந்துதல் யுத்தகளத்தில் வேண்டப்பட்டது. ஆகவே, பொருந்துகின்றது என்பதனால் மட்டும் உரியது எனத் துணிதல் ஆகாது.

அடையாளங்கள் வேறுள. போர்ட் கம்பனியார் தம் பெயரின் முதலெழுத்தாகிய 'எஃப்' என்பதைப் பல உறுப்புக்களிலும், திருகாணித் தலைகளிலுங்கூடப் பொறித்தனர். தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது போர்ட் வண்டியின் அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் ஒரே எண் இருந்தது. வில்லிஸ் வண்டியிலோ அவை வெவ்வேறானவை. ஆதலின், வில்லிஸ் வண்டியில் இரண்டெண்ணும் ஒத்திருக்கக் கண்டால் மகிழ வேண்டா, ஐயுறுதல் வேண்டும்.

எண்ணை எவரும் உளிகொண்டு பின்னர் வெட்டலாம். அச்சிலே உருக்கி வார்க்கும்போதே புடைத்தெழுந்த குறியை அவ்வாறு எளிதிற் பொய்ப்பித்தல் இயலாது. எனவே இரண்டையும் ஒப்புநோக்குக.

உள்ளமைப்பும் சான்று கூறும். யுத்தகால இயந்திரத்தில் வால்வுகளை இயக்குந் தண்டைச் சங்கிலியொன்று சுழற்றியது. யுத்தம் முடிந்து சில காலத்தின் பின், அதே குடும்பத்து இயந்திரங்களிற் சங்கிலிக்குப் பதிலாகப் பற்சில்லு வந்தது. அதனால் தண்டு சுழலுந் திசை மாறிற்று. எண்ணெய்ப் பம்பியும் மாறிற்று. புறத்தோற்றத்தை நம்பி ஒன்றன் பம்பியை மற்றதிற் பூட்டுவோர் பணத்தையும் உழைப்பையும் இழப்பர்.

இனி, வேற்றுறுப்பு யாவும் போலியல்ல. யுத்தகாலத்திலே இராணுவப் பட்டறையினர் பழுதான இயந்திரத்தைக் கழற்றிக் கிடைத்ததைப் பூட்டினர். வில்லிஸ் சட்டத்திற் போர்ட் இயந்திரம் இருப்பின், அஃது அவ்வண்டி பட்ட பாட்டின் வரலாறாகவும் இருத்தல் கூடும். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போன் தான் விரும்பிய பாடத்தை மூலபாடமென்று புகுத்துதல் தகாது. செப்பனிடுவோனுக்கும் அதுவே நெறி. மாற்றிய உறுப்பை மாற்றியதென்று குறித்து வைத்தல் நேர்மை. பழைய எண்ணைத் தேய்த்துப் புதிய எண் வெட்டுதல் சான்றை அழித்தலாகும். அழிந்த சான்றை மீட்டுத்தரும் பட்டறை எங்குமில்லை.