அடையாள அட்டையும் அலுவலகக் கணினியும்

பெங்களூரிலும் புணேயிலும் தில்லியிலும் பணிபுரியும் நம்மவர் பலர், காலையில் அடையாள அட்டையைக் காட்டியே அலுவலகக் கதவைத் திறக்கின்றனர். அதே அட்டையால் மேசைக் கணினியையும் திறக்கும் ஏற்பாடு, மருத்துவமனைகளிலும், ஒரு மேசையைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் அலுவலகங்களிலும் வழக்கில் உள்ளது. அதனைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு மிகவும் இசைந்தது 'தின் கிளையன்ட்' எனப்படும் சிறு பெட்டி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அகராதியைப் புரட்டினால், 'மெலிந்த கட்சிக்காரர்' என்னும் விந்தையான தொடரே அகப்படுகிறது. ஆதலின் வழங்கும் பெயரையே கொள்வோம். கோப்புகளும் நிரல்களும் இப்பெட்டியில் இல்லை. யாவும் மையக் கணினியாகிய சர்வரிலேயே இயங்குகின்றன. கீழ்த்தளத்தில் பாதியில் நிறுத்திய கடிதம், மாடியில் வேறொரு மேசையில் அட்டையைக் காட்டியவுடன் விட்ட வரியிலேயே வந்து நிற்கும். 1999-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'சன் ரே' பெட்டியிலேயே இவ்வசதி இருந்தது. அதில் அட்டையைச் செருக வேண்டும். இப்போது அருகே நீட்டினால் போதும்.

இவ்வட்டைக்குள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சில்லுமே உள்ளன. ரீடரின் மின்காந்தப் புலத்திலிருந்து சக்தி பெற்று, சில்லு தன் எண்ணை அறிவிக்கிறது. பழைய அட்டைகள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸிலும், பின்வந்தவை 13.56 மெகாஹெர்ட்ஸிலும் பேசுவன. ஒன்றின் பேச்சு மற்றதற்குரிய ரீடருக்கு விளங்காது. ஆகவே ரீடர் வாங்குமுன், கதவுக்கு வழங்கிய அட்டை எவ்வகையது என்று அறிதல் வேண்டும். அடுத்து, ரீடர் இணைந்திருப்பது பெட்டியுடன். கேட்க வேண்டியதோ சர்வர். பெட்டி அச்செய்தியை முன்னனுப்புமாறு அமைக்காவிடில், ரீடர் ஒலி எழுப்பும், விளக்கும் எரியும், திரை மட்டும் அசையாது. முதன்முறை அட்டையைக் காட்டும்போது பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்து எண்ணுடன் பிணைக்க வேண்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். அட்டை தன் எண்ணைக் கூறுகிறதேயன்றி, ஏந்தியவர் யார் என்று கூறுவதில்லை. 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளுள் பல, கேட்ட ரீடருக்கெல்லாம் ஒரே எண்ணை ஒளிவின்றி ஒப்பிப்பவை, படியெடுப்பது எளிது. மறைகுறி கொண்ட 'மைஃபேர் கிளாசிக்' அட்டையின் காவலையும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினர். எனவே அட்டையுடன் இரகசிய எண்ணும் வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டால் ஊழியர் சலிப்படைவர். நாளின் முதல் நுழைவில் எண்ணையும், பின் சில மணி நேரம் அட்டையை மட்டும் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது என்பது நம் கருத்து. அதையும் நீக்கச் சொல்லும் மேலாளர் இருப்பார்; இணங்கலாகாது.

"அண்ணே, உங்க கார்டைக் கொஞ்சம் கொடுங்க" என்று ஊர்க்காரத் தம்பி கேட்டால் மறுப்பது கடினந்தான். ஆனால் அவ்வட்டையால் திறந்த கணினியில் செய்வதெல்லாம் கொடுத்தவர் பெயரிலேயே பதிவாகும். பிறர் கடவுச்சொல்லையோ தனி அடையாளத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவோருக்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. எனினும், விசாரணையில் முதலில் விளக்கம் கூற வேண்டியவர் பதிவேட்டில் பெயருள்ளவரே. அயல் மாநிலத்தில் ஒப்பந்த ஊழியராக இருப்பவருக்குப் பரிந்து பேச அங்கு யார் உளர்?

செருகிய அட்டையை உருவினால் கணினி உடனே அறியும். நீட்டிக் காட்டும் அட்டையிலோ, நாம் எழுந்து சென்றதை அது அறியாது. ஆகவே புறப்படும்போது மீண்டும் அட்டையைக் காட்டித் திரையைப் பூட்ட வேண்டும். மறப்பவர்க்காகச் சில நிமிடங்களில் தானே பூட்டிக்கொள்ளுமாறும் அமைக்க வேண்டும். பூட்டுவது வேறு, பணியை முடித்துவிடுவது வேறு. பின்னதை அமைத்துவிட்டால், சேமிக்காத பக்கங்கள் தேநீர் இடைவேளையிலேயே மறைந்துபோம்.

அட்டை தொலைந்தால் வாயிற் காவலரிடம் மட்டும் சொல்லி அமையலாகாது. கதவின் பட்டியலும் கணினியின் பட்டியலும் பல இடங்களில் வெவ்வேறாகவே உள்ளன; கணினிப் பிரிவினருக்கும் அன்றே தெரிவித்து, அவ்வெண்ணை நீக்கச் செய்தல் வேண்டும்.