திருக்கோணமலையில் ஊதியம் எவர்க்கு?

 

திருக்கோணமலை என்றவுடன் கோணேசர் கோயிலை நினைக்கின்றோம். அவ்வூர்ச் சீனன்குடாவில் நிற்கும் 99 எண்ணெய்த் தொட்டிகளையும் நினைத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.2 கோடி லிட்டர் கொள்ளும். பிரித்தானியர் தம் போர்க்கப்பல்களுக்கெனக் கட்டியவை அவை. 1942 ஏப்பிரல் 9இல் சப்பானிய வானூர்திகள் தாக்கியபோது ஒரு தொட்டி எரிந்தழிந்தது. வெள்ளையர் அகன்றபின் பெரும்பாலானவை காடு மண்டித் துருவேறிக் கிடந்தன.

1987 சூலையில் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு எழுதப்பெற்ற மடல்களில், இவற்றைச் சீர்செய்தல் இருநாட்டுக் கூட்டுப்பணி எனக் குறிக்கப்பட்டது. 2003இல் கீழ்த்தொகுதி இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளைக் குழுமத்திடம் சென்றது. 2022 சனவரியில் புதிய பங்கீடு வந்தது: அக்குழுமத்திற்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திற்கு 24, இருவரின் கூட்டு நிறுவனத்திற்கு 61. அந்நிறுவனத்தில் கொழும்பின் பங்கு 51 விழுக்காடு. இந்தியக் குழுமத்தின் பங்கு 49. 2025 ஏப்பிரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து முத்தரப்பு இசைவு கையெழுத்தாயிற்று.

இவ்வாணிகம் தழைக்குமா? தொட்டி தானே பொருள் ஈட்டாது. எண்ணெய் வந்து வந்து போனால்தான் ஈட்டும். தீவின் எண்ணெய்த் தூய்விப்பாலை சப்புகசுகந்தையில் உள்ளது. கொலன்னாவையிலும் முத்துராசவெலையிலும் பெருங்கிடங்குகள் உள்ளன. எல்லாம் கொழும்பை அடுத்த மேற்குக் கரையிலேயே! ஆகவே, உள்நாட்டுத் தேவையை மட்டும் நம்பி 99 தொட்டிகளும் இயங்கா. கப்பல்களுக்கு எரியெண்ணெய் ஊட்டலும், பிறநாடுகளுக்கு மீள்விற்பனையும் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க்குழாய் இடும் திட்டத்தை 2023இல் இரு அரசுகளும் அறிவித்தன. ஆழமிக்க இயற்கைத் துறைமுகம் என்னும் பேறு அங்கே உண்டு, துருவகற்றவும் குழாய் பொருத்தவும் பெருமுதல் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஆனால் தோழர்களே, பங்குக் கணக்கை மீண்டும் பாருங்கள். 51உம் 49உம் கூட்டினால் நூறு. அந்நூறில் திருக்கோணமலை எங்கே?

ஊதியம் என்னும் சொல் பண்டு வாணிகத்தில் விளையும் ஆக்கத்தைக் குறித்தது. இன்று மாதக்கூலியைக் குறிக்கின்றது. அம்மண்ணின் தமிழ்பேசும் மக்களுக்கு இன்றைப் பொருளில் ஊதியம் கிடைப்பதே அரிதென்றால், பண்டைப் பொருளில் கிடைப்பது எப்போது? வேலையில் முன்னுரிமை, வருவாயில் கிழக்கு மாகாணத்திற்கு ஒரு பங்கு, எண்ணெய் சிந்தினால் மீனவர்க்கு ஈடு: இம்மூன்றும் உடன்படிக்கையில் எழுத்தாக வேண்டும். எழுதாத உரிமை ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாதது கைக்கு வாராது.

கோணமலையில் விளையும் ஊதியம் கோணமலை மக்களையும் சேர்க!