ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பு உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் குடியிருப்பில் ஒருவர் ஒரு கேப்சூல் அட்டையோடு வந்தார். அவர் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். கீமோ முடிந்து, இரண்டு வாரத்தில் ஆபரேஷன். "சிஸ்டர், இது புரோபயாட்டிக். சாப்பிட்டால் இன்ஃபெக்‌ஷன் வராதாமே, கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நமக்குத் துணை. ஆபரேஷன், பட்டினி, ஆன்டிபயாட்டிக் எல்லாம் சேர்ந்து அவற்றைக் குலைத்துவிடும். அந்த நேரத்தில் நல்ல பாக்டீரியாவைக் கொடுப்பது புரோபயாட்டிக். அதற்குத் தீனியாகும் நார்ச்சத்தைக் கொடுப்பது பிரீபயாட்டிக்.

பலன் உண்டா? 2006-ல் வெளியான ஜப்பான் ஆய்வு ஒன்று. பித்தநாளப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்துகொண்ட 81 பேர். இவ்விரண்டையும் ஆபரேஷனுக்குப் பின் மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. முன்னும் பின்னும் பெற்றவர்களில் 12 சதவீதம்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2008-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வெளியானது. இது புற்றுநோய் அல்ல, கடுமையான கணைய அழற்சி. புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். உடல் மிகவும் தளர்ந்திருக்கும்போது நல்லது என்று நினைத்ததே கெடுதலாகலாம். வெள்ளையணு குறைந்தவர்களுக்கும், கழுத்தில் சென்ட்ரல் லைன் போட்டவர்களுக்கும் அந்த பாக்டீரியாவே, அரிதாக, ரத்தத்தில் கலந்துவிடும்.

"அப்போ தயிர், பழைய சோறு?" என்பீர்கள். நல்ல உணவுதான். ஆனால் ஆய்வில் கொடுத்தது குறிப்பிட்ட வகை பாக்டீரியா, குறிப்பிட்ட அளவு. வீட்டுத் தயிர் அதற்கு ஈடல்ல. குடலை வெட்டித் தைத்த முதல் நாட்களில் நார்ச்சத்தையும் குறைக்கச் சொல்வார்கள்.

ஆகவே டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவருக்கு இது தேவையா? எந்த வகை, எத்தனை நாள்? வெள்ளையணு எண்ணிக்கை போதுமா?

அந்த அண்ணன் குடும்பத்தார் அட்டையை மறைக்காமல் டாக்டர் மேஜையில் வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளையணு குறைவு. "இப்போது வேண்டாம்" என்றுவிட்டார். ஆபரேஷன் தேதியும் தள்ளிப்போயிருக்கிறது.

அக்கறையோடு வாங்கியதுதான். ஆனாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.