மழையை முன்கூட்டியே சொல்லுமா செயற்கை நுண்ணறிவு?



2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. வடகிழக்குப் பருவமழை என்றால் கிளந்தானுக்கும் திரெங்கானுவுக்கும்தான் கவலை என்று கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் நினைத்திருந்த வேளையில், சிலாங்கூரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தென்சீனக் கடலிலிருந்து வந்த ஒரு தாழ்வழுத்த மண்டலம் தீபகற்பத்தைக் கடந்து மேற்குக் கரைக்கு மழையைக் கொண்டுவந்தது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தனர். கிள்ளானிலும் வீடுகள் மூழ்கின. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. ஆனால் எந்தக் குடியிருப்பில் எவ்வளவு மழை என்று சொல்வதுதான் கடினம்.

வானிலைக் கணிப்பு நடக்கும் முறையைப் பார்ப்போம். காற்றுமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரம், காற்று, அழுத்தம் எப்படி மாறும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிடுவது பழைய வழி. இதற்குச் சூப்பர் கணினி வேண்டும். மின்கட்டணமும் அதற்கேற்ப ஏறும். செயற்கை நுண்ணறிவு இந்தச் சமன்பாடுகளைத் தொடுவதில்லை. பல்லாண்டு வானிலைப் பதிவுகளைப் படித்து, இன்று இப்படியிருந்தால் நாளை எப்படியிருக்கும் என்று பழகிக்கொள்கிறது. கூகல் டீப்மைண்ட் 2023-இல் வெளியிட்ட கிராப்காஸ்ட், பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்தது. அதுவும் ஒரே ஓர் இயந்திரத்தில்! சூப்பர் கணினிக்குக் கோடிகளைக் கொட்ட முடியாத நாடுகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

சரி, குறை எங்கே?

முதலாவது, கட்டத்தின் அளவு. கிராப்காஸ்டின் ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கே சுமார் 30 கிலோமீட்டர்தான். பிரிக்பீல்ட்ஸில் வெயில் காயும்போது கிள்ளானில் கொட்டித் தீர்ப்பது யாருக்கும் புதிதல்ல. இந்தியா 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறை 6 கிலோமீட்டர் கட்டத்தில் இயங்குகிறது. ஆனால் அது சூப்பர் கணினியில் ஓடும் இயற்பியல் முறை.

இரண்டாவது குறைதான் இந்நாட்டுக்கு முக்கியம். பதிவில் இல்லாததை இந்த இயந்திரம் எப்படி அறியும்? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற, 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும்புயல்களை எல்லாம் நீக்கிவிட்ட பதிவுகளைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்தனர். பிறகு மிகக் கடுமையான புயலைக் காட்டியபோது, அதை வலுக் குறைந்த புயலாகவே அது கணித்தது. அதே வேளையில், வேறொரு கடலில் வீசிய கடும்புயல்களைப் படித்திருந்தால், தான் காணாத கடலிலும் ஓரளவு தேறியது.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்பது பழைய நம்பிக்கை. 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜோகூரில் கரை கடந்தது. 2025 நவம்பரில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி சுமத்ராவைச் சூறையாடியது. இப்படிப்பட்டவை பதிவேட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு படிக்கும் அந்தப் பதிவுகளே, உலகெங்கும் எடுத்த அளவீடுகளோடு பழைய இயற்பியல் முறையை இணைத்துத் தயாரித்தவை. ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மாணவனுக்குப் பாடம் யார் எடுப்பது? இதை உணர்ந்துதான் ஐரோப்பிய வானிலை மையம், 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், பழைய முறையை நிறுத்தாமல் இரண்டையும் அருகருகே ஓட்டியது.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் வானிலை ஆய்வுத் துறையும் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 15-ஆம் தேதி நிலவிய வானிலையைக் கொடுத்து, 18-ஆம் தேதி சிலாங்கூரில் எவ்வளவு மழை என்று கிராப்காஸ்டைக் கேட்கலாம். அதன் நிரல் பொதுவில் கிடைக்கிறது. வரும் விடையை அன்றைய மழைமானிப் பதிவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் 2017 வரையிலான பதிவுகளை மட்டும் படித்த வடிவத்தையே எடுக்க வேண்டும். விடைத்தாளைப் பார்த்துவிட்ட மாணவனுக்குத் தேர்வு வைத்து என்ன பயன்?