ரோமாபுரிக் காசும் பெண்களின் பெருமையும்

(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பெண்களுக்கு உரிமை வேண்டுமென்று நாம் பேசப் புறப்பட்டால் எதிரிகள் ஒரு பதிலைத் தயாராய் வைத்திருக்கிறார்கள். "பெண்ணைத் தெய்வமாகவே வைத்து வணங்குகிறோமே, அதற்குமேல் அவளுக்கு உரிமை என்னத்திற்கு?" என்பதே அது. தெய்வமாக்கப்பட்ட பெண்களின் கதி என்னவாயிற்று என்று பார்ப்பதற்கு ரோமாபுரியைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. அங்கே அந்தச் சாட்சி காசிலேயே அடிக்கப்பட்டிருக்கிறது.

பத்திரிகையும் ரேடியோவும் இல்லாத அக்காலத்தில் சக்கரவர்த்தியின் பிரசாரம் பெரிதும் நாணயத்தின் மூலமாகவே நடந்தது. சிப்பாயின் சம்பளத்திலும் சந்தைச் சில்லறையிலும் ஒருபுறம் அவர் தலை இருக்கும். மறுபுறம் ஜனங்கள் எதை நம்பவேண்டுமென்று அவர் விரும்பினாரோ அது இருக்கும். அரச குடும்பத்துப் பெண்களின் உருவங்களும் அப்படியே காசில் ஏறின. ஆனால் அதே ரோமாபுரியில் எந்தப் பெண்ணுக்கும் ஓட்டுக் கிடையாது. செனட் சபையில் இடம் கிடையாது. அரசாங்க அதிகாரப் பதவியும் கிடையாது.

இது ஏதோ தூர தேசத்துக் கதையென்று எண்ண வேண்டாம். திபேரியஸ் சக்கரவர்த்தியின் வெள்ளிக் காசுகள் நமது கோயமுத்தூர், கரூர்ப் பக்கங்களில் புதையல் புதையலாய்க் கிடைத்திருக்கின்றன. அவற்றின் பின்புறத்தில் ஒரு பெண் ஆசனத்தில் வீற்றிருக்கிறாள். அவள் திபேரியஸின் தாயார் லிவியா என்பது ஆராய்ச்சிக்காரர் பலரின் கருத்து. ஆனால் கி.பி. 29-ல் அந்த அம்மையார் இறந்தபோது மகன் சவ அடக்கத்திற்கும் போகவில்லை. அவர் எழுதிவைத்த உயிலின்படி நடக்கவுமில்லை!

அடுத்துப் பட்டத்திற்கு வந்த கலிகுலா தன் மூன்று சகோதரிகளையும் பெயரோடு ஒரே பித்தளைக் காசில் நிற்கவைத்தான். அக்ரிப்பினா பத்திரத்தின் தேவி, துருசில்லா ஒற்றுமையின் தேவி, ஜூலியா அதிர்ஷ்டத்தின் தேவி! கி.பி. 38-ல் துருசில்லா இறந்தாள். உடனே அவளைத் தெய்வமென்று செனட் தீர்மானம் செய்தது. லிவியஸ் ஜெமினியஸ் என்னும் செனட்டர், அவள் வானத்திற்கு ஏறிப்போனதைத் தன் கண்ணாலேயே கண்டதாகத் தன் பிள்ளைகள்மேல் ஆணையிட்டுச் சத்தியம் செய்தான். அதற்கு அவன் பெற்ற கூலி 10 லட்சம் செஸ்டர்ஸ். அன்று ஒரு சிப்பாயின் வருஷ சம்பளம் 900 செஸ்டர்ஸ். அதாவது அந்தச் சிப்பாய் ஆயிரத்து நூறு வருஷத்துக்குமேல் உழைத்தால் கிடைக்கும் பணத்தை ஒரே ஒரு பொய்க்குக் கொடுத்தார்கள். தோழர்களே, தெய்வங்கள் எப்படி உற்பத்தியாகின்றன என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்? மிஞ்சிய இரண்டு "தேவி"களும் மறு வருஷமே தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

அவர்களில் அக்ரிப்பினா பின்னால் திரும்பிவந்து, மகன் நீரோவைச் சிங்காதனத்தில் ஏற்றினாள். கி.பி. 54-ம் வருஷத்துக் காசில் தாயும் மகனும் எதிரெதிரே பார்க்கிறார்கள். முன்புறத்தில் தாயின் பட்டங்களே இருக்கின்றன. மறு வருஷக் காசில் மகன் தலை முன்னே, தாயின் தலை அதன் பின்னே. அவள் பட்டங்களும் பின்புறத்திற்குப் போய்விட்டன. அதன்பின் அவள் முகமே மறைந்தது. கி.பி. 59-ல் அந்த மகனே அவளைக் கொல்வித்தான். அதற்காகச் செனட் என்ன செய்ததென்று நினைக்கிறீர்கள்? கோவில்கள்தோறும் நன்றி வழிபாடு நடத்தத் தீர்மானித்தது! எந்தத் தெய்வமாவது வேண்டாமென்று சொல்லிற்றா?

"அவன் கொடுங்கோலன், நல்ல அரசர் காலத்தைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். தத்துவஞானியென்று பெயர்பெற்ற மார்க்கஸ் ஆரேலியஸின் மனைவி பவுஸ்தினா பத்துப் பிள்ளைகளுக்கு மேல் பெற்றவள். அவள் காசுகளில் "பிள்ளைப்பேறு" என்னும் தேவதை குழந்தைகளோடு நிற்கிறாள். 161-ல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, "காலத்தின் பாக்கியம்" என்றெழுதி இரண்டு குழந்தைகளை ஆசனத்தில் வைத்துக் காசடித்தார்கள். அவ்விருவரில் ஒருவன் நான்கு வயதிலேயே இறந்தான். தாய் பட்ட துக்கத்திற்கு எந்தக் காசிலும் இடமில்லை. அவள் இறந்த பிறகோ, மயில்மேல் ஏறி வானத்திற்குப் போவதாய் ஒரு காசு! பெறுகிறவரையில் இயந்திரம், செத்தபின் தேவி.

இன்னொருத்தி பிளவுத்தில்லா. 202-ல் கரகல்லாவுக்கு மணம் முடித்து, "நித்திய ஒற்றுமை" என்று காசடித்தார்கள். அந்த நித்தியம் மூன்று வருஷம் நீடித்தது. 205-ல் அவள் லிப்பாரித் தீவுக்குத் துரத்தப்பட்டாள்; மாமனார் இறந்தபின் கணவனது கட்டளையால் கொல்லப்பட்டாள்.

தோழர்களே! பட்டத்தரசிகள் கதியே இதுவென்றால், காசில் முகமில்லாத குடியானவப் பெண்ணின் கதியை நாம் சொல்லவும் வேண்டுமா? பூஜை என்பது செய்கிறவன் இஷ்டம். இன்று செய்வான், நாளை நிறுத்துவான். உரிமை அப்படியல்ல, அதை அவள் கேட்டு வாங்கலாம், மறுத்தால் வழக்காடலாம்.

இதை உணர்ந்துதான் 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குப் பூஜை கேட்கவில்லை; சொத்தில் சம உரிமை கேட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை அறுபது வருஷமாயிற்று. சட்டம் வந்தும், தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அவளை "வீட்டு லட்சுமி" என்றழைக்கும் அண்ணன்மார் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகவே தாய்மார்களே, இனி உங்களை எவராவது தெய்வமென்று சொன்னால், "அது இருக்கட்டும், என் பங்கு எங்கே?" என்று கேளுங்கள் என்று சொல்லி இதை முடித்துக்கொள்ளுகிறோம்.